டர்போ போய்விட்டது என்று நம்புவதற்கு முன்: மலையேறும் சிறிய காரின் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டறிதல்

கம்பம், கூடலூர்ப் பகுதியில் குடியிருந்துகொண்டு குமுளிக்கு மேலே வண்டன்மேடு, புற்றடி, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டம் பார்ப்பவர்களுக்கு, வாரத்தில் நான்கைந்து நாள் மலை ஏறி இறங்குவது அன்றாட வேலை. ஒரு காலத்தில் ஜீப்பை மட்டுமே நம்பியிருந்த இந்தப் பாதைகளில், இன்று ஆயிரம் சிசி அளவுள்ள டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஹேட்ச்பேக் கார்களும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தாராளமாக ஓடுகின்றன. அப்படிப்பட்ட ஒரு காரை நான் ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். இந்த ஆறு ஆண்டுகளில் "டர்போ போயிருச்சுண்ணே, மாத்தணும்" என்ற சொல்லை மூன்று வெவ்வேறு பட்டறைகளில் கேட்டுவிட்டேன். மூன்று முறையும் டர்போ நன்றாகவே இருந்தது. காரோடு வந்த அதே டர்போதான் இன்றும் ஓடுகிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பல பத்தாயிரம் ரூபாய் செலவாகும் என்பதால், அதை ஏற்பதற்கு முன் எந்த அறிகுறிக்கு எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

டர்போ செய்யும் வேலையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகள் தாமாகப் புரியும். வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்டர்கூலர் வழியாகக் குளிர்வித்து எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சிறிய எஞ்சின்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆகவே காற்று செல்லும் பாதையில் ஒழுகல் இருக்கக் கூடாது. ஆயில் சுத்தமாகவும் தடையின்றியும் போய்வர வேண்டும். நான் பார்த்தவரை, டர்போவின் மேல் பழி விழும் கோளாறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றில் தொடங்கியவை அல்லது டர்போவுக்குத் தொடர்பே இல்லாதவை.

ஏற்றத்தில் இழுவை குறைகிறது

சமவெளியில் சரியாக ஓடும் கார், லோயர் கேம்ப் தாண்டி மலைச்சாலை தொடங்கியதும் மூன்றாம் கியரில் இழுக்காமல் இரண்டாவதைக் கேட்கிறது என்றால், முதலில் மலையின் இயல்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சின் அந்த இழப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும். டர்போ உள்ள எஞ்சினோ சக்கரத்தைக் கூடுதல் வேகத்தில் சுழற்றி அதை ஈடுகட்டிவிடும். கீழே தேனி சாலையில் மறைந்திருக்கும் சிறு காற்றுக் கசிவு மேலே போனதும் வெளிப்படுவதற்குக் காரணம், ஈடுகட்டும் அந்த வேலையோடு கசிவையும் சேர்த்துச் சமாளிக்கும் நிலைக்கு டர்போ தள்ளப்படுவதுதான். எனவே ஏற்றத்தில் மட்டும் தெரியும் பலவீனத்துக்கு முதல் சந்தேகம் ஹோஸ்களின் மேல் விழ வேண்டும்.

என் காரில் முதல் முறை நடந்தது இதுதான். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பானெட்டுக்குள் 'உஸ்ஸ்' என்று காற்று சீறும் ஒலி வந்தது. இழுவை பாதியாகக் குறைந்தது. நான்காவது கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் விளக்கும் எரிந்தது. கம்பத்தில் ஒரு பட்டறையில் டர்போவை மாற்றச் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஆறியபின், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸை டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கையை அடியில் விட்டு விரலால் அழுத்தியபோதுதான், கிளாம்புக்கு இரண்டு விரற்கடை தள்ளி, அடிப்பக்கத்தில் வாய் திறந்தது போல ஒரு கீறல் விரிந்தது. கீறலைச் சுற்றி ஆயில் கசிந்து, அதில் செம்மண் தூசி ஒட்டிக் கரும்பசையாக இருந்தது. ஹோஸின் ஓரத்தில் பல் பதிந்த தடமும் தெரிந்தது. ஏலக்காயை உலர்த்தி வைக்கும் ஸ்டோரின் ஓரத்தில் இரவு காரை நிறுத்துபவர்களுக்கு எலியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஹோஸையும் ஒயரையும் அவை ஒன்றாகவே பார்க்கின்றன.

ஆகவே வரிசை இதுதான். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் அதையே மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்து, டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் வாய்) வரை உள்ள ஒவ்வொரு ஹோஸையும் கையால் அழுத்தி, அடிப்பக்கம் உட்படத் தடவிப் பார்க்க வேண்டும். கிளாம்பு தளர்ந்திருக்கிறதா என்று அசைத்துப் பார்க்க வேண்டும். ஹோஸின் உட்புறம் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது இயல்பானது. எஞ்சினின் சுவாசக் குழாய் வழியே வரும் ஆவிதான் அப்படிப் படிகிறது. தேங்கி வழிந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவைப் பட்டறையில் குறைந்த அழுத்தக் காற்றைப் பாதைக்குள் செலுத்தி, இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கண்டுபிடிக்கலாம். குமிழி எங்கே வருகிறதோ அங்கே கோளாறு. இதெல்லாம் சரியாக இருந்தும் இழுவை வரவில்லை என்றால், டர்போவின் பக்கத்தில் இருக்கும் வேஸ்ட்கேட் (மிகுந்த புகையைச் சக்கரத்துக்குப் போகாமல் திருப்பிவிடும் சிறு கதவு) கைப்பிடியும் அதை இயக்கும் ஆக்சுவேட்டரும் அடுத்த சந்தேகத்துக்குரியவை. கைப்பிடி திறந்தபடியே சிக்கிக்கொண்டால் புகை சக்கரத்தைச் சுழற்றாமல் சுற்றுவழியில் போய்விடும். இது டர்போவின் உறுப்பு என்றாலும், துரு பிடித்துச் சிக்கியிருப்பதைச் சரிசெய்யவோ ஆக்சுவேட்டரை மட்டும் மாற்றவோ பல மாடல்களில் வழி உண்டு.

அழுத்தத்தை எண்ணாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகும் சிறு ஸ்கேனர் கருவியும் கைப்பேசியும் போதும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால், உள்வழி அழுத்தம் என்ற அளவு வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும்; கம்பத்தில் 96 கிலோபாஸ்கலை ஒட்டியும், குமுளியில் 90-ஐ ஒட்டியும் என் கருவி காட்டுகிறது. சாவியைத் திருப்பியதுமே இந்த எண் பொருத்தமில்லாமல் இருந்தால் கோளாறு சென்சாரில் இருக்கிறது. என் காரில் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுமையாக மிதித்தால் அது 190 வரை போகும். ஹோஸ் கீறியிருந்த நாளில் 130-ஐத் தாண்டவில்லை. கார் நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் இந்த எண்ணைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தால், கோளாறு வரும் நாளில் ஒப்பிட ஓர் அளவு கையில் இருக்கும்.

எஞ்சின் விளக்கு எரிகிறது

விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சூடேற்றி உருக்கிவிடக்கூடிய நிலை அது. உடனே ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, வளைவு இல்லாத அகலமான ஓரத்தில் நிறுத்த வேண்டும். விளக்கு ஏன் எரிந்தது என்பதை அதே ஸ்கேனர் ஒரு குறியீடாகக் காட்டும். பி 0299 என்ற குறியீடு டர்போ தரும் அழுத்தம் குறைவு என்பதையும், பி 0234 அழுத்தம் மிகுதி என்பதையும், பி 0300 முதல் தொடரும் வரிசை சிலிண்டரில் எரிப்பு தவறுவதையும் சொல்கின்றன. பி 0299 என்று வந்தாலே டர்போ போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அழுத்தம் வரவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் வரவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும். எஞ்சினை நிறுத்தி மீண்டும் ஓட்டினால் இழுவை திரும்பிவிடுகிறது என்பதும் குணமானதற்கு அடையாளம் ஆகாது. எஞ்சினை இயக்கும் கணினி தற்காப்புக்காக அழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தது. நிறுத்தி ஓட்டியதும் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது, அவ்வளவே. குறியீட்டை அழிப்பதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது உதறுகிறது, திணறுகிறது

இது என் இரண்டாம் அனுபவம். மெதுவாக ஓட்டினால் ஒன்றுமில்லை. கம்பம்மெட்டு ஏற்றத்தில் மிதித்தால் மட்டும் கார் வெட்டி வெட்டி இழுத்தது. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறதோ, அவ்வளவுக்கு ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் பொறி தாவுவது கடினமாகிறது. அதனால் தேய்ந்து இடைவெளி கூடிய பிளக்கும் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் பலவீனமாக இருந்தால் அதுவும், டர்போ முழு அழுத்தம் தரும் அந்த நேரத்தில்தான் கைவிடும். சந்தேகப்படும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தால், குறியீடும் அந்தச் சிலிண்டருக்கே மாறுகிறதா என்பதில் விடை கிடைத்துவிடும். எனக்கு மாறியது, ஒரு காயிலோடு செலவு முடிந்தது. பிளக்கை வாங்கும்போது கையேட்டில் உள்ள எண்ணையே கேட்டு வாங்க வேண்டும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் மற்றொன்று வெப்பத்தைக் கடத்தும் அளவில் வேறுபட்டதாக இருக்கலாம்.

பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின் என்றால், காலையில் குளிர்ந்த நிலையில் மட்டும் உதறி, சூடானதும் சரியாகிவிடும் ஒரு கோளாறு பல்லாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு வரலாம். உள்வழி வால்வுகளைப் பெட்ரோல் கழுவ வழியில்லாததால் அங்கே கரி படிந்துவிடும். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் திரவங்கள் அந்த வால்வை எட்டுவதே இல்லை. உள்வழிக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

ஏற்றத்தில் 'டக் டக்' என்று உலோகத் தட்டல்

இதைத் தள்ளிப்போடக் கூடாது. எஞ்சின் 1,500 சுற்றை ஒட்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது, கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்துவது நம் பகுதியில் பெரும்பாலோருக்கு டீசல் வண்டிகளில் பழகிய வழக்கம். சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சினில் இதே வழக்கம் பிஸ்டனை உடைத்துவிடக்கூடும். குறைந்த சுற்றும் மிகுந்த சுமையும் சேரும்போது, ஆயிலும் பெட்ரோலும் கலந்த நுண்துளி பொறி வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்வதுதான் காரணம். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையுமுன்பே இரண்டாம் கியருக்கு வந்து, எஞ்சினை 2,500 சுற்றுக்குக் குறையாமல் வைத்து ஏறினால் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி (API SP) என்ற தரக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த முன்கூட்டிய எரிப்பைக் கட்டுப்படுத்தும் சோதனையை உள்ளடக்கி 2020-இல் வந்த தரம் அது.

சற்று மிதமாக, கொதிக்கும் எஞ்சினில் மட்டும் 'கிணிகிணி' என்று கேட்டால் பெட்ரோலின் ஆக்டேன் அளவு (தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன்) காரணமாக இருக்கலாம். நெடுங்காலம் சாதாரண பெட்ரோல் 91, விலை கூடியது 95 என்று இருந்தது. கையேடு 91 போதும் என்று சொல்லியிருந்தால் அன்றாட ஓட்டத்துக்குச் சாதாரண பெட்ரோலே போதும். ஐந்து பேரும் சாமான்களுமாகச் சித்திரை வெயிலில் போடிமெட்டு ஏறும் நாளுக்கு நான் விலை கூடியதைப் போட்டுக்கொள்கிறேன். மைலேஜ் குறைந்திருக்கிறது என்ற புகாருக்கும் இங்கேயே ஒரு விளக்கம் உண்டு. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆறேழு விழுக்காடு குறைவது கணக்குப்படி எதிர்பார்க்கத் தக்கதே. அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் ஒட்டல், காற்றுக் கசிவு என்று தேடலாம்.

புகை வருகிறது

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், பின்னால் ஒருவரை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மழைக்காலக் காலையில் குமுளியில் வெள்ளை ஆவி வந்து ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. எஞ்சின் நன்கு சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்து, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகட்டை, சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற பசை இருப்பதைக் கண்டு உடனே கேஸ்கட் போய்விட்டது என்று அஞ்சுபவர்கள் உண்டு. ஈரக்காற்றும் குளிரும் உள்ள ஜூன், ஜூலை மாதங்களில் வீட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார்களில், ஆயில் சூடாக நேரம் இல்லாமல் நீர் கோத்துக்கொள்வதாலும் அந்தப் பசை படியும். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட் அளவும் மாறாமல் இருந்தால், மூடியைத் துடைத்துவிட்டு ஒருமுறை தேனி வரை போய்வந்து மறுபடியும் பார்க்கலாம்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எங்கிருந்து என்பதுதான் கேள்வி. மலையில் இரண்டாம் கியரில் நெடுநேரம் இறங்கி, கீழே வந்து முதல்முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு குப்பென்று நீலம் வந்து நின்றால், இறக்கத்தில் உண்டான உறிஞ்சு விசையால் வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்க வாய்ப்பு மிகுதி. நின்ற இடத்தில் சில நிமிடம் ஐடிலிங்கில் விட்டுவிட்டு மிதிக்கும்போது மேகமாக வந்தால் டர்போ சீலைச் சந்தேகிக்கலாம். அப்போதும் இரண்டு பொருள்களை முதலில் பார்க்க வேண்டும். டர்போவிலிருந்து ஆயில் கீழே வடியும் குழாய் அடைத்திருந்தாலும், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் சுவாச வால்வு அடைத்து உள்ளே அழுத்தம் கூடியிருந்தாலும், நல்ல டர்போவே ஆயிலைக் கக்கும். என் மூன்றாம் அனுபவத்தில் குற்றவாளி அந்தச் சுவாச வால்வுதான். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால், அது உள்ளிருந்து தள்ளப்பட்டுத் துள்ளியது. புதிய வால்வு போட்ட இரண்டு வாரத்தில் புகை நின்றுவிட்டது.

கரும்புகையைப் பெரும்பாலும் பழைய டீசல் ஹேட்ச்பேக்குகளில் பார்க்கிறோம். காற்று போதாமல் டீசல் மிகுந்தால் அப்படி வரும். ஏர் ஃபில்டர், ஹோஸ், ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புவது) என்ற வரிசையில் பார்க்கலாம்.

வெப்பநிலை முள் ஏறுகிறது

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரமான இடம் வரும்வரை கியரைக் குறைத்து நிதானமாகப் போக வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. ஆறியபின் கூலன்ட் அளவு, விசிறி சுற்றுகிறதா, ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே சருகும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்துக்குப் போர்த் தண்ணீர் ஊற்றியிருந்தால், வீடு சேர்ந்ததும் அதை வடித்துக் கலவையை மாற்றிவிட வேண்டும். உப்புப் படிவு டர்போவின் உள்ளே ஓடும் குறுகிய நீர்வழியையும் அடைக்கும். காரை நிறுத்திய பின்னும் விசிறியோ சிறு மின் பம்போ சில நிமிடம் ஓடுவது கோளாறு இல்லை. டர்போவை ஆற்றும் ஏற்பாடு அது. ஆனாலும் மேலே ஏறி முடித்ததும் கடை வாசலில் உடனே சாவியைத் திருப்பாமல், கடைசி அரைக் கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைப்பதை நான் கைவிட்டதில்லை. செந்தணலாக இருக்கும் பகுதியில் ஓட்டம் நின்ற ஆயில் கருகிக் கரியாகிவிடும்; அந்தக் கரிதான் பின்னாளில் ஆயில் குழாயை அடைக்கிறது.

சபரிமலைக் காலத்து நெரிசலில் தானியங்கி கியர் கார்களுக்கு வரும் எச்சரிக்கை வேறு வகை. ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரால் காரை நிறுத்தி வைத்தால், ஆயிலில் மூழ்காத உலர் இரட்டை கிளட்ச் உள்ள கார்களில் அது சூடாகிக் கருகும் வாடை வரும். முன்வண்டி பத்தடி நகரும்வரை பிரேக்கிலேயே இருங்கள்.

சீழ்க்கையும் ஊளையும்

மென்மையான சீழ்க்கை டர்போவின் இயல்பான குரல். அது நாளுக்கு நாள் உரத்து, ஆம்புலன்ஸ் போல ஊளையிடத் தொடங்கினால் தண்டின் பேரிங் தேய்கிறது. எஞ்சின் குளிர்ந்தபின், ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றிச் சக்கரத்தின் நடுவை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கும். ஆயில் இல்லாத நேரத்தில் அது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் உணரும்படி அசைந்தாலோ, இறக்கை நுனிகள் உறையில் உரசிய தடம் பளபளத்தாலோ, அப்போது டர்போ உண்மையிலேயே போய்விட்டது. அதற்கு மேல் ஓட்டாமல் கட்டி இழுத்துப் போவதே சரி. உடையும் துண்டு எஞ்சினுக்குள் போகலாம். டீசல் காரில் சீல் முற்றிலும் விட்டுவிட்டால், எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் உறுமும். கையால் கியர் மாற்றும் காரில் உயர்ந்த கியரைப் போட்டு, பிரேக்கை இறுக அழுத்தி, கிளட்சை விட்டு எஞ்சினை அமர்த்திவிட வேண்டும்.

புதிய டர்போ போடும்போது ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஆயில் வரும் குழாயைப் புதிதாகப் போட்டு, வடியும் குழாயைச் சுத்தம் செய்து, இன்டர்கூலருக்குள் தேங்கிய ஆயிலையும் வடிக்கச் சொல்லுங்கள். பழைய அடைப்பை விட்டுவைத்தால் புதியதும் சில நூறு கிலோமீட்டரில் அதே வழியில் போகும். முதல்முறை ஓட்டுமுன் டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை விட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றி, பிறகு எஞ்சினைச் சில நிமிடம் ஐடிலிங்கிலேயே விட வேண்டும். இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பழைய டர்போவைக் கேட்டு வாங்கி, அதன் தண்டையும் ஒருமுறை விரலால் அசைத்துப் பாருங்கள்.